பெயர் தெரியாத பூச்சிக்குக் காசில்லை

பேராதனைக் கிளாக்கர் ஸ்ரீஸ்கந்தராசா, மடவளை மஹ்மூதுக்கு ஏழு ரூபாய் ஐம்பது சதம் கொடுக்க வேண்டியிருந்தது. பூச்சி சேர்க்கும் தம் பொழுதுபோக்குக்கு வாங்கிய முப்பது விட்டில்பூச்சி, ஒன்றுக்கு இருபத்தைந்து சதம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இவர் சாதாரணக் கடன்காரர் அல்லர், வாசகர்களே. ‘பெயர் சொல்லி’ என்றொரு சாதி உண்டு. அதில் இவர் முதிர்ந்த உருப்படி.

இந்தச் சாதியைக் கண்டுகொள்வது சுலபம். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் சீமைப் புத்தகம், கையில் பூதக்கண்ணாடி. உயிருள்ள எதைக் கண்டாலும் அது என்ன தின்கிறது, எங்கே தூங்குகிறது என்று கேளாமல், இறக்கையில் எத்தனை புள்ளி, எத்தனை கோடு என்று எண்ணி, எண்ணியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் பூச்சியின்மேல் கோபித்துக்கொள்ளும். புத்தகத்தின்மேல் அல்ல. அது விலை கொடுத்து வாங்கியதல்லவா?

மஹ்மூத் இரண்டாம் வகுப்பைக்கூட முடித்தவனல்லன். ஆனாலும் அவன் கொய்யாத் தோட்டத்தில் எந்த மாதம் எந்தப் பூச்சி பழச்சாறு குடிக்க வரும் என்று கேளுங்கள், சொல்வான். அந்த அறிவுக்கு யார் உத்தியோகம் கொடுத்தார்கள்? ஞாயிறு தவறாமல் பெட்டியோடு வருவான். ஞாயிறு தவறாமல் கிளாக்கரும் அவனை ‘நானா’, அதாவது அண்ணன், என்று அழைத்து ஒரே வேதம்தான் ஓதுவார்.

“புத்தகத்தில மூண்டு புள்ளி. உம்மட பூச்சியில ரெண்டரை. பேர் தெரியாத சாமானுக்கு எந்தக் கணக்கில காசு எழுதிறது, நானா?”

“ரெண்டரையோ மூணோ, பூச்சி ஒங்கட பொட்டிக்குள்ளதானே ஈக்கிது, ஐயா.”

“இதுதான் படிக்காத ஆக்களின்ர கதை.”

படிக்காதவன் அடுத்த ஞாயிறும் பெட்டியோடு வந்தான். அவன் மனைவி றமீஸாவின் தோடு கண்டியில் அடகில் இருந்தது. திங்கட்கிழமைக்குள் மீட்காவிட்டால் மூழ்கிவிடும்.

முப்பதாவதாக அவன் கொண்டுவந்தது தவிட்டு நிறத்தில் ஒரு கையகலப் பூச்சி. இறக்கைக்குக் குறுக்கே சுண்ணாம்பால் இழுத்தாற்போல் வெள்ளைக் கோடு. ஸ்ரீஸ்கந்தராசா அதை எடுத்தார், தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், மறுபடி தடவினார். பிறகு புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

“கோடில்லாத சாதி. புத்தகத்திலயே இல்லை. நானா, இது உலகத்துக்கே புதுசு. என்ர பேரை வச்சு லண்டனுக்கு எழுதப்போறன்.”

தேநீரோடு வந்த மனைவி பத்மாதேவிக்கும் அந்த நற்செய்தி அறிவிக்கப்பட்டது.

மஹ்மூத் பூச்சியைப் பார்க்கவேயில்லை. “கோடு ஈக்கிது, ஐயா. ஒங்கட பெருவெரல்ல.”

இருந்தது. வெள்ளைத் தூளாக, அப்பிக்கொண்டு. விட்டிலின் இறக்கையில் உள்ளதெல்லாம் தொட்டால் உதிரும் தூள் என்பது கொய்யா பறிக்கிற எவனுக்கும் தெரியும். புத்தகத்துக்குத் தெரிந்திருக்கும். புத்தகம் வைத்திருந்தவருக்குத்தான் தெரியவில்லை.

“அப்ப லண்டனுக்குப் பெருவிரலை அனுப்புங்கோ,” என்றாள் பத்மாதேவி. “மற்றதுகளையும் இப்பிடித்தான் தடவினனீங்களோ? அந்த மனிசன்ர காசைக் குடுங்கோ.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கண்டி ரயிலில் எதிரே வந்து உட்கார்ந்தவரின் நெற்றியையும் தொப்பியையும் வேட்டிக் கரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் வாய் திறக்கு முன்னே ஊர், குலம், குணம் மூன்றுக்கும் தீர்ப்பெழுதியவர் யார்? அது வேறு விஷயம் என்கிறீர்களா? ஸ்ரீஸ்கந்தராசாவும் அப்படி ஏதோ முணுமுணுத்துக்கொண்டுதான் அலுமாரியைத் திறந்தார். மஹ்மூத் கையை விரித்து நீட்டினான். தாளும் சில்லறையுமாக ஏழு ரூபாய் ஐம்பது சதமும், ஒவ்வொன்றாக எண்ணி, அதில் வைக்கப்பட்டது.