சர்வருக்குள் போன பிரேக் சிடி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நானும் நலம். வேலையும் பத்திரமாக என்னிடமே இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே படிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

வண்டிப் பட்டறையில் நீங்கள் இத்தனை வருஷம் காத்து என் கையில் கொடுத்த சிடி அலமாரியைக் காலி செய்துவிட்டேன். கோபப்படாதீர்கள். வண்டிகளின் வரைபடம் பார்க்க ஒவ்வொரு மெக்கானிக்கும் கிரீஸ் கையோடு சிடி அறை ஜன்னலில் வந்து நின்று, "பாப்பா, கியர் சிடி குடு", "யாருகிட்ட இருக்கு? வாயத் தொறந்து சொல்லேம்மா" என்றால் எனக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும், உங்களுக்குத் தெரியாததா. யாரும் ஜன்னலுக்கே வராமலிருக்க ஒரு வழி தேடினேன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அண்ணன் போனில் சொன்னபடி ஒவ்வொரு சிடியையும் அப்படியே முழு நகலாக்கி சர்வரில், அதாவது பட்டறைக்கே பொதுவான பெரிய கணினியில், ஏற்றினேன். அவரவர் மேசைக் கணினியில் திறந்தால் சிடி போட்டது போலவே வரும்; ஒரே சிடியை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். முதலாளிகூடத் தலையாட்டினார். ஜன்னலில் ஈ காக்கை இல்லை. சொர்க்கம்!

நேற்றுக் காலை சர்வரில் பிரேக் சிடியைக் காணோம். பிரேக்கைக் கழற்றிப் போட்டபடி ஓர் ஆம்புலன்ஸ் நிற்கிறது, படம் பார்க்காமல் மாட்ட ஒருவருக்கும் துணிவில்லை. பழைய சிடியைத் தேடலாமென்றால், ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த அது, நகல் எடுத்து முடித்த கையோடு டிரைவுக்குள்ளேயே உடைந்துவிட்டது. முதலாளி வந்து, "மத்தியானத்துக்குள்ள அது வரலன்னா நீ வீட்டுக்குக் கெளம்பலாம். உங்க பெரியப்பா முகத்துக்காகத்தான் உன்ன வச்சேன்" என்றார். வீட்டுக்குப் போனால் அம்மா, பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்பதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

அப்போதுதான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: சிடி காணாமல் போனால் முதலில் ஹாரன் அண்ணனின் டூல் பாக்ஸில் பார். (ரகசியம் பேசினாலும் அடுத்த தெரு திரும்பிப் பார்க்குமே, அதே மெக்கானிக்தான்.) போய்க் கேட்டேன்.

"என்னம்மா, உன் வாயிலேர்ந்து வெறும் காத்துதான் வருது?" என்றார்.

"பிரேக் சிடி எங்கண்ணே!" பட்டறையில் சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அது என் குரல்தான், பெரியப்பா.

"ஏம்மா கத்துற? இவனுங்க கை வைக்கிறதுக்குள்ள நமக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

சர்வரிலிருந்து அப்படியே பெயர்த்துத் தன் கணினியில் போட்டிருந்தார். அந்த ஃபோல்டருக்குப் பெயர், 'டூல் பாக்ஸ்'. மதியத்துக்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. "பாத்தியா, என்கிட்ட இருந்ததாலதான் அது தப்பிச்சுது" என்று அவர் மார்தட்டிக்கொண்டது தனிக்கதை. பிறகு முதலாளி தன் பாஸ்வேர்டைப் போட்டுத் தர, சர்வருக்கு ஒரு பூட்டுப் போட்டேன்: எல்லோரும் பார்க்கலாம், யாரும் கை வைக்க முடியாது. அப்பாடா! நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன். இனி எனக்கு யாரிடமும் வாய் திறக்கும் வேலையே இல்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பு. முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒற்றடத்தை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் வாயில்லாப் பூச்சி

பி.கு.: இன்று புது சிடிகள் வந்திருக்கின்றன. ஏற்றப் போனால் சர்வர் என்னையும் தள்ளி நிற்கச் சொல்கிறது. 'யாரும்' என்பதில் நானும் சேர்ந்துவிட்டேன். திறக்கும் பாஸ்வேர்டு முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கதவும் திறந்துதான் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீங்கள் அங்கிருந்து அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்களேன். அதுவரை புது சிடிகளை நான் ஜன்னல் வழியாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வரிசை வாசல் வரை நிற்கிறது.