இரண்டாவது எடைக்கல்

என் வீட்டில் ஒளிந்திருக்கும் பொய்யனைப் பிடித்தே தீர்வதென்று ஞாயிறு காலையில் உறுதி பூண்டேன். பொய்யன் உணவு மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். மேல்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், தானே ஊதி, தானே இறங்கி, "இரத்த அழுத்தம் அதிகம்" என்று தானே தீர்ப்பும் சொல்லும் கருவி. மனைவி வாங்கியது. அது உள்ளே வந்த அன்றே என் தட்டைவிட்டு உப்பு வெளியேறியது.

நானோ எடையளவு ஆய்வாளன். கடைத்தெருத் தராசுகள் என் செருப்புச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து நிற்கும்.

"இந்த மெஷின் பொய் சொல்லுது."

"நிரூபிங்க. ராத்திரியே உப்பு போடுறேன். சரியா இருந்தா?"

"என் கையாலேயே முத்திரை குத்துறேன். அப்புறம் உப்புன்னு வாயே திறக்க மாட்டேன்."

பக்கத்து வீட்டு நர்சம்மா பாதரசக் கருவியோடு வந்தார். முதலில் எங்கள் கருவி, அடுத்து அவருடையது, அதே கையில்.

"முதுகைச் சாய்ங்க. காலை ஆட்டாதீங்க. பேசவே கூடாது."

ஆட்டாதே என்றதும் கால் ஆடத் துடித்தது. மூக்கு நுனி அரித்தது. குழாய் சொட்டியது, எழுந்து மூட முடியவில்லை.

எங்கள் கருவி நூற்று நாற்பத்தெட்டு என்றது. நர்சம்மா காதுக்குழலைக் கழற்றி, "நூத்தி நாப்பத்தாறு. மெஷின் சரிதான்" என்றார்.

நான் துள்ளினேன். "ஒரே கல்லை வச்சு எந்தத் தராசையும் பாஸ் பண்ண முடியாதும்மா! லேசான கல்லுக்கு ஒழுங்கா நடிக்கும். கனமான கல்லை வச்சாதான் குட்டு வெளிப்படும்!"

"கனமான கல்லு வேணுமாக்கும்?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி. அந்தச் சாந்தமான குரலுக்கே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

மீண்டும் பட்டை. மீண்டும் வாய்ப்பூட்டு. பொத்தான் அழுந்தியது.

"அக்கா, சொல்ல மறந்துட்டேன். எங்க அண்ணன் குடும்பத்தோட வர்றாரு. ஆறு மாசம்," என்றாள் மனைவி நர்சம்மாவிடம்.

சென்ற முறை இரண்டே நாள் என்று வந்து, என் சவரக்கத்தி மழுங்கும்வரை தங்கிய மனிதர்! வாயைத் திறந்தேன்.

"பேசக் கூடாது!" என்றார் நர்சம்மா.

"இவரு ரூமைத்தான் ஒழிச்சுக் குடுக்கணும். அண்ணன் இப்ப ட்ரம்பெட் பழகுறாராம். விடியக்காலையில."

"ம்ம்ம்!"

"முனகவும் கூடாது!"

கருவி நூற்று எழுபத்தாறு என்றது. பாதரசம் நூற்று எழுபத்துநான்கில் நின்றது. இரண்டும் கைகோத்து மாடியேறியிருந்தன.

"லேசுக்கும் சரி, கனத்துக்கும் சரி. இனி என்ன சந்தேகம்?" என்றார் நர்சம்மா.

"மச்சான்... எப்ப வர்றாரு?" எனக்கு மூச்சு வாங்கியது.

"அவரு எங்க வர்றாரு? கனமான கல்லு கேட்டீங்க. எங்க அண்ணனைவிடக் கனமா என்கிட்ட யாருங்க இருக்கா?"

போன உயிர் திரும்பி வந்தது. என் அறை என்னுடையதே! ட்ரம்பெட் இல்லை! அந்த ஆனந்தத்தில், அவள் நீட்டிய முத்திரையை வாங்கிக் கருவியின் முதுகில் ஓங்கிக் குத்தினேன். நர்சம்மாவுக்குக் கைகூப்பி நன்றியும் சொன்னேன். சீட்டியடித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன்.

உப்பில்லாத முதல் கவளத்தில்தான் எனக்கு உறைத்தது.