செவ்வாய்க்கு ஓடிய வாத்தியார்

ஒரு விஷயத்தைப் படித்துப் புரிந்துகொள்பவனால் ஊருக்கு ஆபத்தில்லை. புரிந்ததை அடுத்தவருக்கு ஓடிக் காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டுகிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் கட்டியவன்.

அறுபதுகளின் நடுவில் திருப்பாலைக்குடிப் பக்கம் கடலோரமாக ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். டெம்பரரி. நயினார்கோவில் மாமா தம் மகள் செல்லம்மாளை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். "வேலை பெர்மனென்ட் ஆகட்டும் மாப்ளே, மறுநாளே பத்திரிகை அடிச்சிர்றேன்." ஆக, பாடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டரின் கையெழுத்தில் என் சம்பளம், சம்சாரம் இரண்டும் தொங்கின.

செவ்வாய்க்கு ராக்கெட் விடுவது பற்றிப் பத்திரிகைகளில் பேச்சு அடிபட்ட சமயம் அது. நினைத்த நாளில் ஏன் விட முடியாது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம். கரும்பலகை போதாதா? (போதும். அதை அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.) மைதான மணலில் இரண்டு வட்டம் கீறினேன். நடுவில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டரை உட்காரவைத்தேன். அவர்தான் சூரியன். உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி, டிரில் மாஸ்டர். வெளிவட்டத்தில் மெதுவாக நகரும் செவ்வாய், எங்கள் தமிழய்யா. கனத்த சரீரம், அதைவிடக் கனத்த மரியாதை. ராக்கெட்? நான்தான்.

"சார், சூரியன் அசையக் கூடாது" என்றேன். இன்ஸ்பெக்டர் பொம்மைபோல் உட்கார்ந்தார்.

பையன்களிடம் திரும்பினேன். "செவ்வாய் இப்ப இருக்கிற இடத்தைக் குறிவைச்சா, நாம போய்ச் சேர்றப்ப அது அங்கன இருக்காது. எங்கன வரப்போகுதோ அங்கன குறிவைக்கணும். பூமிக்கு முன்னால செவ்வாய் எட்டுல ஒரு பங்கு வட்டம் தள்ளிப் போய்க்கிட்டிருக்கும் பாரு, அதுதான் தோதான நேரம். அதை விட்டா ரெண்டு வருஷம், ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும். கெளம்பின ராக்கெட்டுக்கு பிரேக்கும் கிடையாது!"

(அந்தக் கடைசி வரியை விழுங்கியிருக்கலாம்.)

விசில் ஒலித்தது. டிரில் மாஸ்டரை ஒட்டிக்கொண்டு ஓடினேன். தமிழய்யா சரியான தூரத்தில் தெரிந்ததும் பிய்த்துக்கொண்டு கிளம்பினேன். சூரியனைப் பாதி சுற்றி, வெளிவட்டத்தில் அடையாளத்துக்கு நட்டிருந்த பனைமட்டையை நோக்கிப் பாய்ந்தேன். பனைமட்டை வந்தது. செவ்வாய் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், பின்னால் தமிழய்யா சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி என்னையத் தேடி இம்புட்டுத் தூரம் ஓடி வாரீக, நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தா மரியாதையா? அதான் நின்னுட்டேன். வாங்க!" என்று கையை வேறு நீட்டினார்.

நானும் நின்றிருக்கலாம். ஆனால் பிரேக் கிடையாது என்று சொன்ன வாய் என்னுடையது. கேட்ட காது இன்ஸ்பெக்டருடையது. பயத்தில் மூளை பனைமட்டையோடு நின்றுவிட்டது, கால்கள் மட்டும் போயின. வேலி இடைவெளியைத் தாண்டி, கடற்கரையில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்த கருவாட்டில் குப்புறப் போய் இறங்கினேன்.

காவலுக்கு இருந்த அம்மாள் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தாள். "காலையில இருந்து காக்காய வெரட்டுறேன், பூனைய வெரட்டுறேன். இப்ப வாத்தியாருமா?"

மைதானத்தில் சூரியன் அசையவே இல்லை. முதுகுப் பக்கம் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. "ராக்கெட் போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டிருக்கிறார்.

"சேந்துருச்சு சார்" என்றாராம் ஹெட்மாஸ்டர். "கருவாட்டுல."

டிரில் மாஸ்டர் மட்டும், யாரும் நிறுத்தச் சொல்லாததால், ஓடிக்கொண்டே இருந்தார்.

சட்டையெல்லாம் நெத்திலி ஒட்டியிருக்க, சூரியன் முன்னால் போய் நின்றேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "தோது தவறினா எவ்வளவு காலம் காத்திருக்கணும்னு சொன்னீங்க?"

"ரெண்டு வருஷம், ரெண்டு மாசம் சார்."

"நல்லது. உங்க பெர்மனென்ட் விஷயத்தையும் அப்பப் பார்ப்போம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உத்தரவு வர ஏறக்குறைய அத்தனை காலமும் ஆனது. நான் போட்ட கணக்கில் சரியாக வந்தது அது ஒன்றுதான். மாமாவும் வாக்கு மாறவில்லை. ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகே பத்திரிகை அடித்தார்.

இன்றும் ராமேஸ்வரம் போனால், பிராகாரத்தில் செல்லம்மாள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போவாள். "கொஞ்சம் நில்லு, வாரேன்!" என்று மூச்சு வாங்கக் கத்துவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"நிக்க மாட்டேன். நின்னா நீங்க எங்கிட்டாவது கருவாட்டுல போய் விழுந்துருவீக."