கழுதைக்கும் தூள் பழக்கமாம்!

தோட்டவெளிச் சந்திவரை வெறுங்கால்களின் வரிசை! பிரதர் எமில்தாசின் அதிசயத் தண்ணீர்ப் பேசினில் காலை வைத்தால், உடம்பில் ஊறிய போதைத் தூளின் நஞ்செல்லாம் உள்ளங்கால் வழியே இறங்கிவிடுமாம். வைத்தியர்கள் மாதக்கணக்கில் பாடுபடுவதைப் பிரதர் பத்தே நிமிடத்தில் முடிப்பாராம். பாவம் வைத்தியர்கள், வீணாகப் படித்துவிட்டார்கள்!

றொசாந்தனைத் தாய் றஞ்சிதா காசும் கொடுத்து இழுத்து வந்திருந்தாள். அவன் ஹெரோயினை விட்டுச் சில மாதங்கள்தான். எலும்பைப் பிழியும் நோவும் அந்தப் பேய் ஏக்கமும் ஆஸ்பத்திரி மருந்தால் அடங்கியிருந்தன. மறுபடி கடலுக்கும் போகத் தொடங்கியிருந்தான்.

உப்புத் தண்ணீர், இரண்டு இரும்புக் கம்பி, ஒரு கார் பற்றரி. றொசாந்தன் காலை வைத்தான். தண்ணீர் பழுப்பாகி நுரைத்தது.

"அல்லேலூயா!" என்றது கூட்டம்.

"நஞ்சு இறங்கீற்றுது. இனி ஆஸ்பத்திரி மருந்து தொடாத, கடலில எறி!" என்றார் பிரதர்.

றஞ்சிதா மகனின் சட்டைப்பையிலிருந்த மருந்தைப் பறித்தாள். றொசாந்தனுக்குத் தெரியும்: மருந்து போனால் நோவு வரும். நோவு வந்தால் தூள்காரன் வீட்டுக்குக் கால் தானாகப் போகும்.

"பொறுங்கோ மாமி," என்ற அவன் மனைவி கிருசாந்தினி, புது உப்புத் தண்ணீர் ஊற்றித் தன் காலை வைத்தாள். அதுவும் பழுப்பானது. "நான் தலையிடிக்குப் பனடோல்கூடப் போடுறேல்லை, பிரதர்."

"புருசன்ர நஞ்சு பொஞ்சாதிக்கும் இறங்கும், தங்கச்சி!"

கூட்டத்துக்குப் புல்லரித்தது. என்ன ஞானம்!

கிருசாந்தினி விறுவிறென்று வெளியே போனாள். பாண் துண்டு ஒன்றைக் காட்டித் தெருக் கழுதையைக் கூட்டிவந்து, அதன் முன்னங்காலைப் பேசினில் வைத்தாள். தண்ணீர் இன்னும் கறுத்தது.

"இது ஆரின்ர பொஞ்சாதி, பிரதர்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வரிசை முழுவதும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. றொசாந்தன் பற்றரி வயரைக் கழற்றி, உப்புத் தண்ணீரை மாற்றி, இரண்டு காலையும் வைத்தான். தண்ணீர் கண்ணாடியாய் அப்படியே கிடந்தது.

"கம்பியில வந்த துருவடா இது! நங்கூரத்தில நாளாந்தம் சுரண்டுறம், பேசினில கண்டதும் கும்பிடுறம்!" என்றான்.

பிரதர் பற்றரியைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் பாய்ந்தார்.

றஞ்சிதா மருந்தை நீட்டினாள். "இண்டைக்குப் போட்டனியோ?"

"இன்னும் இல்லையம்மா."

"அப்ப போடு."

கால் வைத்ததற்குக் கழுதைக்கு ஒரு துண்டுப் பாணாவது கிடைத்தது. காசும் கொடுத்துக் கால் வைத்த ஆறறிவாளர்களே, உங்களுக்கு என்ன கிடைத்தது? யோசியுங்கள். அதற்குப் பேசின் தேவையில்லை.