செக்கிங் நைனாவின் பண்ணை வாசல்

சாமியே நேரில் வந்தாலும் பையைத் திறந்து காட்டினால்தான் செக்கிங் நைனா உள்ளே விடுவார். சங்கையும் சக்கரத்தையும் ‘திரும்ப எடுத்துப் போகும் பொருட்கள்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “கருடன வெளிய ஸ்டாண்டுல உட்டுட்டு வாங்க சார்” என்பார். இப்படி ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொருவரைப் பார்க்கும் தெம்பும் எனக்கில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் டைம் ஆபீஸில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அங்கே கேட் செக்யூரிட்டி. ஷிப்ட் முடிந்து ஆட்கள் ரயிலைப் பிடிக்க ஓடி வருவார்கள். நைனா ஒவ்வொரு டிபன் பாக்ஸாகத் திறந்து பார்ப்பார். சந்தேகம் தீராவிட்டால் கரண்டியால் கிளறியும் பார்ப்பார். ஒருமுறை யாரோ மிச்சம் வைத்த சாம்பார் சாதத்துக்குள்ளிருந்து பித்தளை நட்டு ஒன்றைத் தோண்டி எடுத்தார். அன்றிலிருந்து மிச்சச் சோறு கொண்டுபோகிறவர்கள் அத்தனை பேருக்கும் கஷ்டகாலம்தான். ரயிலைத் தவறவிட்டவர்கள் அவரை வாழ்த்திய வாழ்த்துகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

அவர் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, ஒரு குத்துவிளக்கும் கொடுத்து அனுப்பினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட் வரைக்கும் வந்தவர் அங்கே நின்றுவிட்டார். தன் பையைத் தானே திறந்து காட்டி, புதிதாகச் சேர்ந்திருந்த செக்யூரிட்டியை அதட்டினார்.

“இன்னாபா, வெளக்கு வெளிய போவுது, கேட் பாஸ் கேக்காம நிக்கிற?”

காரில் ஏறிவிட்ட மேனேஜர் இறங்கி வந்து கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. “மாலயும் சேத்து எய்திடுங்க சார்” என்றார் நைனா.

இப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். ஆனால் ஊத்துக்கோட்டை பக்கம் அவர் மனைவி தனம்மாவுக்குப் பிறந்த வீட்டு நிலம் கொஞ்சம் இருந்தது. டிராக்டர் வந்தபின் வேலையில்லாமல் போன இரண்டு கிழட்டு உழவு மாடுகளும் இருந்தன. அவற்றை அடிமாட்டுக்கு அனுப்பத் தனம்மாவுக்கு மனசு வரவில்லை. பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று பழைய நெல்வகைகளைப் போட்டார். புங்கனூர் குட்டைப் பசு ஒன்றை வாங்கி வந்தார். சென்னையிலிருந்து வந்த யாரோ படம் பிடித்துப் போட, ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வர ஆரம்பித்தன. பிள்ளைகள் சேற்றில் இறங்குவார்கள், மாடுகளுக்குக் கழுத்தைச் சொறிந்துவிடுவார்கள், சிவப்பரிசிக் கஞ்சி குடிப்பார்கள். பெற்றோர் அரிசி வாங்கிப் போவார்கள். ‘பாரம்பரியப் பண்ணை, விலங்குகள் புகலிடம்’ என்று போர்டு மாட்டினார்கள். பண்ணை முழுவதையும் தனம்மா பார்த்துக்கொள்ள, நைனா கேட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் வெளியே போகிறவர்களைத்தான் சோதித்தார். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாள், நைனா கைப்பையைத் திறக்கச் சொன்னதும் கொதித்துப்போனார்.

“என்ன நினைச்சிட்டிருக்கீங்க? உங்க மாட்டையா பையில போட்டுட்டுப் போறேன்?”

“குட்ட மாடும்மா. சொல்ல முடியாது” என்றார் நைனா.

கொஞ்ச நாளிலேயே அவருக்கு விஷயம் புரிந்தது. ஆலையில் பொருள் வெளியே போகும். பண்ணையில் உள்ளே வரும். ஒரு குடும்பம் பெரிய கூடையோடு வந்து, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நன்றி சொல்லிக் கிளம்பியது. சாயங்காலம் வைக்கோற்போருக்குப் பின்னால் இரண்டு முயல்கள் முருங்கைக்கீரை மென்றுகொண்டிருந்தன. அடுத்த வாரம் ஒரு சேவல். விடியற்காலையில் கூவுகிறது என்று அதன்மேல் அடுக்குமாடி சங்கத்தில் புகாராம். புகலிடம் என்ற போர்டைப் பார்த்தவர்கள், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாததையெல்லாம் இங்கே கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

அதன்பிறகு நைனா உள்ளே வருகிற பைகளைத் திறந்தார். ஹெல்மெட்டுக்குள் நாய்க்குட்டியைப் பிடித்தார். தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வாத்துக்குஞ்சுகளைப் பிடித்தார். அவருடைய சோதனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிடித்த பிறகுதான் வம்பு. ஆலையில் பிடிபட்ட பொருளை ஸ்டோருக்கு அனுப்பிப் பழகியவர் இல்லையா? இங்கேயும் அதே நினைப்பில் எல்லாவற்றையும் கொட்டகைக்கு அனுப்பிவைத்தார்.

வான்கோழி வந்த கதை இன்னும் விசேஷம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதை அணைத்துக்கொண்டு வந்து நின்றார். “கிறிஸ்துமஸுக்கு வாங்கனோம் நைனா. பொண்ணு அதுக்கு ஸ்டெல்லான்னு பேர் வெச்சிட்ச்சி. பேர் வெச்சத எப்டி அறுக்கறது?” நியாயம்தானே என்று நைனா உள்ளே விட்டார். ஸ்டெல்லா ஆண் என்று பிறகுதான் தெரிந்தது. பெயரை மாற்ற அந்தப் பெண் சம்மதிக்கவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் உழைத்து ஓய்ந்த வெள்ளைக் குதிரை ஒன்றும் வந்து சேர்ந்தது. மேளச்சத்தம் இல்லாமல் அது ஓர் அடி எடுத்து வைக்காது. வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்ற வேண்டும் என்றால் நைனா தகர டின்னைத் தட்டிக்கொண்டே முன்னால் போவார். குதிரை கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பின்னால் நடக்கும். யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தவர்கள்கூட உண்டு.

தனம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நைனாவை நிறுத்தினார்.

“தோ பாருய்யா. கீற வைக்கல் கீற வாய்ங்களுக்கே அறுப்பு வரிக்கும் தாங்காது. இன்னும் ஒண்ண உள்ள உட்டேன்னு வெய்யி, அப்பால எத்த அடிமாட்டுக்கு அனுப்பறதுன்னு நாமளே கை காட்டணும். அந்தப் பாவம் எனுக்கு வாணாம். இனிமே ஒரு ஜீவன் உள்ள வந்துச்சின்னா நான் வெளிய. திருநின்றவூருக்கு, பொண்ணு ஊட்டுக்குப் பூடுவேன்.”

தனம்மா சொன்னால் செய்கிறவர். அவர் கை படாமல் பசு பால் கொடுக்காது, அவர் இல்லாமல் நெல்லும் இல்லை, கஞ்சியும் இல்லை. நைனாவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் சில வாரங்கள் அவர் கல்நெஞ்சக்காரராக இருந்தார். வந்த கிளிக்கூண்டைத் திருப்பி அனுப்பினார். பூனைக்குட்டிகளைத் திருப்பி அனுப்பினார். அனுப்பிய அன்றெல்லாம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிறு. அரிசி வாங்கப் போன நானும் கேட்டருகே நின்றிருந்தேன். ஓர் இளம் ஜோடி டூவீலரில் வந்து இறங்கியது. அந்தப் பெண்ணின் தோளில் பூப்போட்ட துவாலை சுற்றிய குழந்தை, தலையில் கம்பளிக் குல்லா.

“குழந்தை தூங்குது சார், எழுப்பிடாதீங்க” என்றாள்.

நைனா சோதனை போடவில்லை. அன்பாகத்தான் கேட்டார்: “யாரு ஜாடைம்மா?”

“அவங்க அப்பா ஜாடைதான்.”

குழந்தை “மே” என்றது. அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

துவாலையை விலக்கினால் ஆட்டுக்குட்டி. முன்னங்கால் ஒன்று துவண்டு தொங்கியது. “ரோட்டுல அடிபட்டுக் கிடந்துச்சு சார். எங்க ஃபிளாட்டுல வெச்சுக்க விடமாட்டாங்க” என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். நைனா குட்டியைப் பார்த்தார், வைக்கோற்போரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“ஆடு வைக்கல் துன்னாது இல்ல சார்?”

டைம் ஆபீஸில் இருந்தவனுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும்? தின்னாது என்று சொல்லிவைத்தேன்.

தனம்மா சத்தம் போடவில்லை. குட்டியின் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், தீனி வைத்தார், குளித்துப் புடவை மாற்றினார், பையோடு கேட்டுக்கு வந்தார். யாரும் கேட்காமலே பையைத் திறந்து நைனாவிடம் காட்டினார். உள்ளே துணிமணிகள்.

“பாத்துக்க. நான் ஒண்ணும் எட்த்துனு போவல” என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு பண்ணை பண்ணையாக இல்லை. பசு நைனாவைக் கிட்டே சேர்க்கவில்லை. அவர் காய்ச்சிய கஞ்சியில் தீய்ந்த வாசனை வந்தது. வந்தவர்கள் அதுதான் பாரம்பரிய ருசி என்று நினைத்து மரியாதையாகக் குடித்தார்கள். ஸ்டெல்லா சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அவரை உள்ளேயே விடவில்லை. வைக்கோற்போர் இளைத்துக்கொண்டே வந்தது.

“போன் பண்ணீங்களா நைனா?” என்று கேட்டேன்.

“பண்ணேன் சார். மாடு துன்னுதா, குட்டி கால் ஊனுதா, குதிர எப்டி கீது, எல்லாம் கேட்டா. என்ன மட்டும் கேக்கல.” கேட்டின் தாழ்ப்பாளைத் தடவிக்கொடுத்தார். “பேஜாரா பூட்ச்சி சார். அவ உள்ள இல்லன்னா இந்த கேட்டுல நான் இன்னாத்துக்கு நிக்கறேன்?”

அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். கேட்டுக்கு முன்னால் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தனம்மா இறங்கினார். தோளில் துணிப்பை. டிரைவர் ஒரு பக்கம் பிடிக்க, இரண்டு பேருமாக ஒரு கோணி மூட்டையை இறக்கினார்கள். நைனா எழுந்து நின்றார்.

“எங்க அண்ணனாண்ட சொல்லிக்கீறேன். நாளிக்கி ஒரு லோடு வைக்கல் வருது” என்றார் தனம்மா. கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. “பொண்ணு ஊட்ல லிப்ட் கீது, ஏசி கீது. காத்தால எய்ந்தா நம்மளப் பாத்துக் கத்தறதுக்கு ஒண்ணு கெடயாது. எப்டிதான் இருக்கறாங்களோ.”

நைனா தலையாட்டினார். ஆனால் கை சும்மா இருக்குமா? அது பாட்டுக்கு மூட்டைப் பக்கம் நீண்டது.

“இது இன்னாமே?”

“புண்ணாக்கு.”

மூட்டையின் ஓரத்தில் கன்றுக்குட்டியின் சின்னக் குளம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். டிரைவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆட்டோவின் கண்ணாடியைப் பார்த்தார். பாலுக்கும் உழவுக்கும் உதவாத காளைக்கன்றுகளைச் சந்தைப் பக்கம் இப்படித்தான் யாராவது கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வாங்க ஆள் இருக்காது. தனம்மா மூட்டையை விடாமல் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு கறாரான மனுஷிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. ஓர் ஆட்டுக்குட்டிக்காகக் கோபித்துக்கொண்டு போனவர் அவர். கோணியை விலக்கினால் அவர் சொன்ன சொல்லே அவரை வெளியே நிறுத்திவிடும்.

நைனா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார்.

“வெயில்ல நிக்காதமே. உள்ள வா. புண்ணாக்குக்குப் பசிக்கும்.”

தனம்மா நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் பிடித்திருந்த பக்கத்தை நைனா வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் மூட்டையைச் சுமந்துகொண்டு, பால் புட்டி எங்கே வைத்தோம் என்று சண்டை போட்டபடியே கொட்டகைப் பக்கம் போனார்கள்.

கேட் திறந்தபடி கிடந்தது. நைனா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் மெதுவாகச் சாத்திவிட்டு, அவர் வரும்வரைக்கும் அவர் இடத்தில் நின்றேன். அந்த மனிதருக்காக இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.