அரிசி கழுவிய தண்ணீரும் பக்வீட் அக்காவும்

செடிகளை உலகத்திலேயே அதிகமாக நேசித்தவரும், அவற்றுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற விடாமல் ஊரையே விரட்டியவரும் ஒரே ஆள்தான். மான்ட்ரியலில் தமிழ் பேசுகிற அத்தனை பேரும் அவரைப் பக்வீட் அக்கா என்பார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால், வாசலில் இருக்கும் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துதான் நான் சொல்ல வேண்டும்.

கார்ட்டியர்வில் பக்கம் ஒரு வீட்டு மாடியில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த வாடகை அறைகள். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்ச்சி. நான் சென்னையிலிருந்து வந்த ஐ.டி. ஆசாமி. கீழே வீட்டுக்கார ஆன்ட்டி, அவர்கள் பேச்சில் அன்ரி. மன்னார்க் கத்தோலிக்கர், மாதா கோயில் தவறாதவர். எதைப் பார்த்தாலும், யாரைப் பார்த்தாலும், அது பசியோடு இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

அக்காவின் கொள்கை நேர் எதிர். பக்கத்தில் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் கல்லாவுக்கு அருகே ஒரு கள்ளிச்செடி இருந்தது. பால் வாங்கப் போன அக்கா, கடைக்காரர் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, குவளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பிரெஞ்சில் வகுப்பெடுத்தார். பின்னால் நின்ற வரிசை கதவு வரை போனது. கடைசியில் பாலை மறந்துவிட்டுக் குவளையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருடைய உயிர் ஒரு காட்டு பக்வீட் செடியில் இருந்தது. இங்கே தோசை மாதிரி வார்த்துத் தின்கிறார்களே, அந்த மாவுக்கான பக்வீட்டுக்கு இது தூரத்துச் சொந்தம். பெயரில் 'வீட்' இருந்தாலும் கோதுமையோடு எந்த உறவும் கிடையாது. நம்மூர் சுக்காங்கீரை இருக்கிற குடும்பம். கண்டத்தின் மேற்கே, வறண்ட மலைச்சரிவு ஒன்றில் மட்டும் முளைக்கிறது. வேறு எந்தச் செடியும் வேண்டாம் என்று ஒதுக்கிய சத்தில்லாத மண்தான் அதற்கு வசதி. தரையோடு படுத்துக் கிடக்கும். சாம்பல் பூசிய மாதிரி ரோமம் படர்ந்த இலை, வெளிர்மஞ்சளில் பஞ்சு உருண்டை மாதிரிப் பூ.

"இதிலை ஒரு தோசை சுடேலாதோ பிள்ளை?" என்று அன்ரி ஒருநாள் அப்பாவியாகக் கேட்டுவிட்டார்.

"அன்ரி, உலகத்திலை இருக்கிற அவ்வளவையும் பிடுங்கி அரைச்சாலும் உங்களுக்கு நாலு தோசை தேறாது," என்றார் அக்கா. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

காரணம் இருந்தது. அந்தச் சரிவுக்கு அடியில் ஏதோ தாது இருப்பதாகக் கண்டுபிடித்து, தோண்டுவதற்கு ஒரு கம்பெனி வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. அக்கா விதைகளைக் கொண்டுவந்து, குளிரூட்டியில் பொய்க் குளிர்காலம் காட்டி, பல்கலைக்கழகக் கண்ணாடிக்கூடத்தில் முப்பது சொச்சம் நாற்றுகளை எழுப்பியிருந்தார். வசந்தத்தில் அவற்றைப் பக்கத்துச் சரிவில் நட்டுப் பார்ப்பதாகத் திட்டம். அங்கே பிழைத்தால் அந்த இனத்துக்கு இன்னொரு வீடு கிடைக்கும். பிழைக்காவிட்டால் தோண்டப்போகிற அந்த ஒரு சரிவுதான் கதி. திரும்ப விதைக்க அவரிடம் விதை இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கண்ணாடிக்கூடத்தில் அந்த நாற்றுகள் இருந்த அறைக்குச் சூடு தரும் பாய்லர் மட்டும் படுத்துவிட்டது. மீதி அறைகளெல்லாம் வெப்பமண்டலச் செடிகளுக்கானவை, ஒரே புழுக்கம். என் ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றார் அக்கா. "தம்பி, ஒரு பெட்டியைப் பிடியும். வீட்டுக்குக் கொண்டுபோறம்."

ஒன்று விடாமல் எல்லாத் தொட்டிகளையும் இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, கம்பளி போர்த்தி, மெட்ரோவில் க்ரீன் லைனில் ஏறி, ஆரஞ்சு லைனுக்கு மாறினோம். கதவு திறக்கும்போதெல்லாம் அக்கா ஜாக்கெட்டைக் கழற்றிப் பெட்டிமேல் போட்டார். வெளியே மைனஸ் இருபது. பஸ் நிறுத்தத்தில் அவருக்குப் பல் கிட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை. செடிகள் சௌக்கியமாக இருந்தன.

அவருடைய அறை ஜன்னலில் வரிசையாக வைத்தோம். செடிக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜாக்கெட், பூட்ஸ், கம்பளித் தொப்பி சகிதம் படுத்துக்கொண்டார். "தண்ணி மட்டும் விட்டிடாதேங்கோ" என்று அன்ரியிடம் மூன்று விதமாகச் சொன்னார்.

மறுநாள் அவர் பாய்லரைப் பார்க்கக் கிளம்பினார். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நான் வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் சாப்பிடக் கீழே இறங்கினால், அன்ரி முகத்தில் ஒரு திருப்தி.

"பாவம் தம்பி, அந்தப் பிள்ளையின்ரை செடியள். நரைச்சுப்போய்க் கிடந்ததுகள். இப்பதான் வயிறு நிறைஞ்சிருக்கும்."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். "ஆன்ட்டி, தண்ணி ஊத்தினீங்களா?"

"சீச்சீ. தண்ணி விடவேண்டாம் எண்டு சொன்னவவெல்லோ. நான் அரிசி கழுவின தண்ணி விட்டனான். ஊரிலை முற்றத்துக் கறிவேப்பிலைக்கு அதுதானே நாங்கள் விடுறது."

நான் மாடிக்கு ஓடினேன். எல்லாத் தொட்டியிலும் வெள்ளையாகத் தேங்கி நின்றது. ஹீட்டரையும் அன்ரி கருணையோடு முழுசாகத் திருகி வைத்திருந்தார். அக்காவுக்கு போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

அவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீடு அதிரப்போகிறது என்று நான் படிக்கட்டில் சுவரோடு ஒட்டி நின்றேன். அக்கா கத்தவில்லை. ஒரு தொட்டியை முகர்ந்து பார்த்தார்.

"வேர் அழுகத் தொடங்கினா கதை முடிஞ்சுது. மண்ணை மாத்தவேணும். கல்லு வேணும் தம்பி. பொடிக் கல்லு."

அந்தப் பனியில் கடைகளைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். நடைபாதையில் வழுக்காமலிருக்க நகராட்சி போடுகிற கல் ஞாபகம் வந்து, ஒரு வாளி சுரண்டிக்கொண்டு வந்தேன். அக்கா ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டார். துப்பினார். "உப்பு. பனி உருக்கிற உப்பு. இது இன்னும் கெதியாக் கொல்லும்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததில்லை.

அதுவரை கதவோரம் விறைத்து நின்ற அன்ரி திடீரென்று கீழே போனார். வரவேற்பறையில் கிறிஸ்துமஸுக்கு வைத்த பாலன் குடில் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. மன்னார்க்காரர் குடில் சும்மா இருக்குமா? பாதி ஹால் பெத்லகேம்தான். அன்ரி மூன்று ராஜாக்களையும் டி.வி. மேசைக்கு அனுப்பினார், ஆடுகளைச் சோபாவில் மேய விட்டார், குழந்தை இயேசுவை முத்தமிட்டுத் தலையணையில் கிடத்தினார். மலையும் பாதையுமாகப் பரப்பியிருந்த பொடிக் கல்லையும் மணலையும் அப்படியே விரிப்போடு தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

அக்கா அதிலும் ஒன்றை வாயில் போட்டார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்ல கல்லு," என்றார்.

பிறகு ஒவ்வொரு செடியாகத் தேக்கரண்டியால் கிளப்பி மாற்றினோம். செடி விரலளவுகூட இல்லை, வேர் மட்டும் ஒற்றையாக நீளமாக இறங்கியிருந்தது. அது அறுந்தால் அந்தச் செடி போச்சு. "கையை ஆட்டாதையும்" என்றார் என்னிடம். "அழாதேங்கோ, ஈரம்" என்றார் அன்ரியிடம்.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. இலைகள் தொங்கிக் கிடந்தன. அன்ரி அந்த அறையில் செபமாலை சொல்ல அனுமதி கேட்டார். "சொல்லுங்கோ. ஆனா தள்ளி நிண்டு. மூச்சிலை ஈரம் இருக்கு." அன்ரி வாசலுக்கு வெளியே முழந்தாளிட்டார். சாமி கும்பிடாத அக்கா, செபம் முடியும்வரை அசையாமல் நின்றதை நான் பார்த்தேன்.

ஒரு காலையில் அக்கா என் கதவைத் தட்டினார். ஒரு செடியின் நடுவில் புள்ளி மாதிரி ஒரு புது இலை. பின்னாலேயே மற்றவையும் தலைதூக்கின. ஒன்றே ஒன்று மட்டும் மெலிந்து நோஞ்சானாகவே இருந்தது. அன்ரிக்கு அதன்மேல்தான் கண். தான்தான் அதைப் பாழாக்கினோம் என்று அடிக்கடி கண்ணைத் துடைப்பார்.

வசந்தத்தில் அக்கா எல்லாவற்றையும் மேற்கே கொண்டுபோனார். அங்கேயே வேலையும் கிடைத்து, தங்கிவிட்டார். போகும்போது யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

கோடை கழிந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது. அன்ரியின் சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டேன். நட்டதில் ஒன்று செத்துவிட்டதாம், மீதி அத்தனையும் வேர்பிடித்துவிட்டனவாம். அன்ரி அடுப்பை அணைத்தார்.

"பிள்ளை, செத்தது அந்த மெலிஞ்சதோ? நான் அரிசித் தண்ணி விட்டதாலையோ?"

மறுமுனையில் காற்றின் சத்தத்துக்கு மேலாக அக்கா குரலை உயர்த்தினார்.

"இல்லை அன்ரி. நீங்கள் தண்ணி விட்டது எல்லாம் நல்லா நிக்குது. போனது நான் காம்பஸிலை விட்டிட்டு வந்த ஒண்டு."

அன்ரி சிலுவை போட்டுக்கொண்டு, அழுது, சிரித்து, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். காம்பஸ் கண்ணாடிக்கூடத்தில் அன்று ஒரு தொட்டிகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கியவன் நான். அதைச் சொல்லாமல் போனைக் கையில் எடுத்து, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.