திசைகாட்டியால் அளந்த மரவள்ளி

ஐயா, அம்மா, வணக்கம். புரியாதபோதும் தலையாட்டுவதில் எனக்கு இணையானவர் நைனார்பாளையத்தில் எவரும் இலர் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். (எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன், மற்றவற்றை நூலகத்தில் கற்றேன். தலையாட்டுவது மட்டும் பிறவிக் கலை.)

என் தம்பி மகள் மல்லிகா, தன் பட்டப் படிப்புக்காக எங்கள் ஊர் மரவள்ளி விவசாயிகளின் உற்பத்தித் திறனை ஆராய வந்தாள். படிவங்களை நிரப்பும் பொறுப்பை நானே வலிந்து ஏற்றேன்.

"நல்லா வெளைய வைக்கிறவருக்கும் மத்தவங்களுக்கும் எவ்ளோ தூரம்னு அளக்கணும் பெரிப்பா. எந்தத் திசையில அளக்கறோம்ங்கறதுதான் முக்கியம். அவங்களயே கேட்டு எழுதுங்க. புரிஞ்சுதா?"

"இது தெரியாதா?" என்றேன்.

மறுநாளே திசைகாட்டி ஒன்று வாங்கினேன். ஊரில் மிகுந்த விளைச்சல் காண்பவரான கோவிந்தனின் மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஒவ்வொருவர் கொல்லைக்கும் நடந்து தப்படிகளை எண்ணினேன்.

"உமது திசை யாது?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"இன்னாங்க, வாஸ்து பாக்கறீங்களா?"

"ஆராய்ச்சி."

"அப்ப தென்மேற்குன்னு போட்டுக்குங்க."

படிவங்களைக் கண்ட மல்லிகா தலையில் கை வைத்தாள். "ஏழுமலை, தென்மேற்கு, முந்நூறு தப்படி! இன்னா பெரிப்பா இது? ஆய்வ நாளைக்குக் குடுக்கலன்னா எனக்கு ஒரு வருசமே போச்சு! அதே வெளைச்சல உரத்த கம்மி பண்ணி எடுக்கறதா, அதே உரத்துல வெளைச்சல ஜாஸ்தி பண்றதா? இதுதான் திசை!"

அன்று உச்சி வெயிலில் இருபது வீடுகளின் படிகளிலும் மீண்டும் ஏறினேன். வாசலுக்கு வாசல் வரவேற்புரை ஒன்றே: "இன்னிக்கு எந்தப் பக்கம் சூலம்ங்க?"

ஏழுமலை மட்டும் நெடுநேரம் யோசித்தார். "உரத்த கொறைக்கற பக்கம் பாத்தா நான் கோவிந்தனுக்குப் பக்கத்துலயே கீறேன். வெளைச்சல் பக்கம் பாத்தா ரொம்பத் தூரம் போயிடறேன். மானம் போவாத பக்கமா பாத்து எழுதுங்க."

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அதைப் படித்த மல்லிகா துள்ளிக் குதித்தாள். "ஆளு ஒண்ணுதான், திசை மாறுனா தூரம் மாறுது! ரெண்டு வருசமா இத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம கெடந்தேன்!" மறுநாள் ஆய்வு உரிய நேரத்தில் ஒப்படைக்கப்பட்டது. முதல் பக்கத்தில் ஏழுமலையின் வாக்கு இடம்பெற்றது. என் தப்படிகள் இடம்பெறவில்லை.

இன்றும் குழம்பில் உப்பு மிகுந்து நான் முகம் சுளித்தால், என் மனைவி கரண்டியோடு வந்து நிற்கிறாள். "எந்தத் திசைங்க? உப்ப கம்மி பண்றதா, தண்ணிய ஜாஸ்தி பண்றதா?" பேரப்பிள்ளைகள் சிரித்து முடிப்பதற்குள் நான் உண்டு எழுந்துவிடுகிறேன்.

ஆய்வில் இடம்பெறாத என் தப்படிகள் இங்கேனும் நிலைக்கும்படி, இவ்விவரத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.